பேர்க்கரை

ஜனவரி 6, திங்கள்

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த டைரி.

விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டுப் பின்சுவர் பக்கம் போனேன். வழக்கம்போல் அந்தப் பக்கத்திலிருந்து லாத்தா இஞ்சித் தேயிலையை நீட்டினாள். என் அக்காள் ஜைத்தூன், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இளம் வயதிலேயே கணவர் மவுத்தாகி, மகள் நஸீமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தவள். நஸீமாவை மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்துப் பேரன் பேத்தியும் பார்த்தாயிற்று. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இந்தப் பின்சுவர்தான்.

குடித்துவிட்டு உள்ளே வந்தால் என் மனைவி சபூரா தறியில் புதுப் பாவு நூல் கட்டி முடித்திருந்தாள். யாருக்குப் பாய் என்று கேட்டேன்.

"மைனிக்கு," என்றாள், லாத்தாவைச் சொல்லி.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை புளியங்குடியிலிருந்து ஒருவர் ஆள் அனுப்பி லாத்தாவைப் பெண் கேட்டிருக்கிறார். செய்யது மசூது என்று பெயர், மனைவியை இழந்தவர், எலுமிச்சை வியாபாரம், வயது அறுபத்தாறு. லாத்தா என்னைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். வாப்பா இல்லாததால் சம்மதம் சொல்ல வேண்டியவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பாவு.

கோரைப்பாய்த் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாவின் மேல் உட்கார்ந்து அச்சுக்கட்டையைச் சாய்த்து நூலைத் திறந்து, கோரை உள்ளே வந்ததும் அடித்து இறுக்க வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நீளக் குச்சியின் முனையில் கோரையை மாட்டி உள்ளே செலுத்த வேண்டும். அச்சு என் உம்மாவிடம் இருந்தது, பிறகு சபூராவிடம் வந்தது. குச்சி எப்போதும் லாத்தாவிடம். ஆனால் தனக்கென்று நெய்யும் கல்யாணப் பாயில் பெண்ணின் கை படக் கூடாது, விரிக்கும் நாள்வரை அவள் கண்ணும் படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"அதனால குச்சிக்கு நீங்க வாங்க," என்றாள் சபூரா.

நான் சம்மதமே சொல்லவில்லையே என்றேன். அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். பெண், மாப்பிள்ளை பெயர் வருவது கடைசிக் கரையில். பேர்க்கரை என்போம். அதுவரை அது யாருக்கும் உரிய பாய் அல்ல. வேண்டாமென்றால் சாதாரணக் கரை போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடலாம்.

"பேர்க்கரை வாரதுக்கு ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லிருவீயல்லா?"

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால் சம்மதித்துவிட்டேன் என்று ஆகாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

முழங்கால் வலி. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மின் கட்டணம் கட்டினேன். ஊறிய கோரையை ஆற்றிலிருந்து எடுத்து வந்து மாடியில் காயப்போட்டேன்.

வேலை பார்க்கச் சுலபமாக இருக்கிறது, செய்யச் சுலபமாக இல்லை. நான் கோரையைச் செலுத்தி முடிப்பதற்குள் சபூரா அடித்துவிடுகிறாள், அல்லது நான் முடித்தது தெரியாமல் காத்திருக்கிறாள். லாத்தாவுக்கும் அவளுக்கும் நடுவில் எந்தச் சைகையும் இருந்ததில்லையாம். இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நெய்வார்கள், கை தானாகப் போகும்.

மத்தியானம் ஒரு வழி கிடைத்தது. கோரை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் என்னையறியாமல் "ரைட்" என்றேன். சபூரா அடித்தாள். அடுத்ததற்கும் அதையே சொன்னேன். பத்துப் பதினைந்து கோரை போன பிறகு சபூரா அச்சை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கோரைகூடப் பிசகவில்லை.

லாத்தா இப்போது எங்கள் அடுப்பங்கரையில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். சத்தம் அவளுக்குக் கேட்கிறது. "தம்பி, குச்சிய ரொம்பக் கீழ புடிக்க. தரையில உரசுது," என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. பார்க்காமலேயே.

குச்சிக்காரர் உட்காரும் இடத்தில் மண்தரையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. லாத்தாவின் குதிகால் ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளம். என் குதிகால் அதில் அடங்கவில்லை.

ஜனவரி 11, சனி

உதுமான் டீக்கடைக்குப் போனேன். எங்கள் தெருவில் ஆண்கள் கோரை அறுப்பார்கள், சாயம் காய்ச்சுவார்கள், பாயைச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். தறியில் உட்கார்வதில்லை.

"என்னவே கண்டக்டரு, பாய்க்கு டிக்கெட் போடுதீராமே? தெரு முனை வரைக்கும் ரைட்டு ரைட்டுன்னு கேக்கு," என்றான் உதுமான்.

உன் கடைக்கு ஸ்டாப்பிங் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தெருவில் கரும்பு வண்டி வந்தது, இரண்டு கழி வாங்கினேன்.

நெய்த அளவு ஒரு முழம் தாண்டிவிட்டது. சபூரா நூலை நீட்டி இரண்டு முறை அளந்து பார்த்தாள். என்னவென்று கேட்டதும் விரலால் காட்டினாள். அவள் பக்கத்து ஓரம் கோடு போட்டதுபோல் இருந்தது. என் பக்கத்து ஓரம் உள்ளே வளைந்திருந்தது. கோரையின் நுனியை மடித்துத் திருப்பும்போது நான் வலித்து இழுக்கிறேனாம். பாய்க்கு இடுப்பு விழுந்துவிட்டது.

பிரித்துவிட்டுத் திரும்பப் போடுவோம் என்றேன். பிரித்தால் நாள் போய்விடும், நோன்புக்கு முன் முடியாது என்றாள். பிறகு அச்சைச் சாய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"கோவமா இருந்தா ஆத்தங்கர வரைக்கும் நடந்துட்டு வாங்க. கோரையப் புடிச்சு இழுக்காதீய."

எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாலத்தின் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். காற்று நன்றாக இருந்தது.

ஜனவரி 18, சனி

லாத்தாவிடம் பேசிவிடுவது என்று தீர்மானித்து, காலையில் பின்சுவர் அருகே தேயிலை குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன். முதலில் தூரத்தைச் சொன்னேன். இரண்டு பஸ் மாற வேண்டும். உனக்கு முட்டுவலி என்றேன். ஊர் என்ன பேசும் என்றேன். ஊர் பேசித்தான் எனக்கு முப்பது வருசம் பொழுது போச்சு என்றாள்.

கடைசியில் வலுவான ஒன்றைச் சொன்னேன். மசூது முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தது, ஓரம் பிய்ந்த ஒரு பாயைச் சரிசெய்ய. போன ஆனியில், நான் இன்னும் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது. அது அவருடைய முதல் கல்யாணப் பாய். உம்மா அச்சடித்து லாத்தா குச்சி போட்டு இதே தறியில் நெய்தது. அதில் அவர் பெயரும் அந்தம்மா பெயரும் இருக்கின்றன. லாத்தா மூன்று நாள் உட்கார்ந்து அந்த ஓரத்தைச் சரிசெய்து கொடுத்தாள். மனைவி போய் ஆறு வருடம் கழித்தும் அந்தப் பாயைத் தூக்கிக்கொண்டு அலைகிற மனுசன், உனக்கு என்ன இடம் தருவான் என்று கேட்டேன்.

அவள் தம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அதத் தூக்கிப் போட்டவரா இருந்தா நான் யோசிச்சிருப்பேன், தம்பி."

தேயிலையில் இன்று இஞ்சி கூடுதல்.

ஜனவரி 22, புதன்

சபூராவிடம் பென்ஷன் விஷயமாக டிப்போவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புளியங்குடிக்குப் போனேன். ஆளை அவருக்குத் தெரியாமல் பார்ப்பதுதான் சரியான விசாரணை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எலுமிச்சை வாங்க வந்தவன்போல் மண்டிக்குள் நுழைந்தேன்.

சாக்கின் மேல் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு காயையும் உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டி, எந்தக் கூடை என்று முடிவு செய்கிறார். விலை கேட்டேன். சொன்னார். அதிகம் என்றேன். குறைத்தார். ஒரு கிலோ போடச் சொன்னேன். போட்டுக்கொண்டே, "தேயிலை குடிக்கீயளா கண்டக்டர்?" என்றார்.

துண்டை அவிழ்த்துவிட்டேன்.

என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன். சில வருடம் முன்பு ராஜபாளையம் வண்டியில் இரண்டு மூட்டை எலுமிச்சையோடு ஏறினாராம். கூட்டம். மூட்டையை ஏற்றக் கூடாது என்று நான் அவரை இறக்கிவிட்டேனாம், மழையில். எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"கோவமில்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா மூட்டைய நிழக்குடைக்குள்ள நனையாம ஒதுக்கி வச்சிட்டுத்தான் விசிலடிச்சீய. அத வீட்டுல வந்து சொன்னேன்."

மண்டிக்குப் பின்னால்தான் வீடு. ஒரு மகன் சவூதியில், இன்னொருவன் இங்கே கூடவே. மருமகள் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமி எப்போ வாராவ என்று அவளே என்னிடம் கேட்டாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அவள் உள்ளே போனதும் நேராகக் கேட்டேன். சமைத்துப் போட ஆள் வேண்டியிருக்கிறதா?

"மருமவ சமைப்பா. அவளுக்கு ஆவலன்னா நான் சமைப்பேன். பேசத்தான் ஆள் இல்ல."

லாத்தாவிடம் எவ்வளவு பேசியிருக்கிறீர்கள் என்றேன். யோசித்தார். அந்தப் பாயின் ஓரத்தைச் சரிசெய்த மூன்று நாளும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அதிகம் பேசவில்லையாம்.

"பேச ஆள் வேணும்னீயள?"

"பேசாம இருக்கதுக்கும் ஒரு ஆள் வேணும்லா," என்றார்.

எலுமிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஒரு கிலோ கேட்டவனுக்கு ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து குறைகளை யோசித்தேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வலது கண்ணில் புரை தொடங்குவதுபோல் தெரிகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

"டிப்போல எலுமிச்ச குடுக்காவளா இப்ப?" என்று மட்டும் சபூரா கேட்டாள். பாதி ஊறுகாய்க்கு. லாத்தா நறுக்கினாள். ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தனியாக வைத்தாள்.

ஜனவரி 27, திங்கள்

பாய் பாதிக்கு மேல் வந்துவிட்டது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி விழுகின்றன. இன்று காலையிலிருந்து நான் "ரைட்" சொல்லவில்லை என்று சாயங்காலம்தான் கவனித்தோம். தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு கரண்ட் கம்பத்துக் காக்காய்க் கூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சபூரா இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பகலில் நான் வீட்டில் இருந்ததில்லை.

சபூராவிடம் ஒன்று கேட்டேன். லாத்தா போனால் அவளுக்குத்தானே கஷ்டம், பிறகு எதற்கு இந்த அவசரம்?

"எனக்குக் கஷ்டந்தான். அதுக்காவ மைனிய எம் பக்கத்துலயே கட்டிப் போட முடியுமா?" என்றாள். ஒரு அடி அடித்துவிட்டு, "முப்பது வருசம் பக்கத்துல இருந்து அவிய மூச்சக் கேட்டிருக்கேன். அந்தப் பழைய பாயோட உக்காந்த மூணு நா மூச்சே வேற," என்றாள்.

பிப்ரவரி 1, சனி

நஸீமா போன் செய்தாள். உம்மாவுக்குக் கல்யாணம் என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியுமாம். முதலில் அழுதாள். பிறகு, மாமா நீங்க என்ன சொன்னீய என்று கேட்டாள். இன்னும் சொல்லவில்லை என்றேன். அப்போ என்னத்துக்கு ஒரு மாசமா பாய் நெய்தீய என்றாள். அது யாருக்கும் உரிய பாய் அல்ல, கரை வந்த பிறகுதான் என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். என்ன கலர்ச் சேலை எடுக்கலாம் என்று உம்மாவிடம் கேட்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கறுப்புச் சாயக் கோரை காய்ந்துவிட்டது. பெயர் கறுப்பில்தான் வரும். நாளைக்குப் பேர்க்கரை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சபூரா குளத்துப் பக்கம் போயிருந்தாள். நான் தறி அருகே கோரையை நனைத்துக்கொண்டிருந்தேன். லாத்தா வந்து நிலைப்படிக்கு வெளியே, தறிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"உள்ள வரல, தம்பி. ஒண்ணு சொல்லணும்."

சொல்லு என்றேன்.

"அடி விழுத சத்தம் நேத்தோட சுருங்கிட்டு. கரை வந்துட்டு, தெரியுது. உனக்கு மனசில்லன்னா சாதாக் கரை போட்டு முடிச்சிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், தேயிலையும் நிக்காது. ஆனா மனசில்லாம பேரு மட்டும் போட்டுராத. அந்தப் பாயில நான் படுக்க மாட்டேன்."

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தூரம், முட்டுவலி எல்லாம் சொல்லியாகிவிட்டது. வாயில் வந்தது வேறு.

"புளியங்குடில நல்ல இஞ்சி கிடைக்குமா, லாத்தா?"

அவள் திரும்பவில்லை. முதுகுதான் தெரிந்தது, தோள் ஆடியது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

"கோட்டிக்காரா," என்றாள். "எலுமிச்ச விளையுத ஊருல இஞ்சி கிடைக்காதா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுப்பில் புகை அதிகம் இன்று.

பிப்ரவரி 5, புதன்

சபூரா தறியில் ஏறி உட்கார்ந்தாள். அச்சுக்கு முன்னால் குனிந்து, பெயரின் முதல் எழுத்துக்கு வேண்டிய நூல்களை விரலால் பிரித்துத் தூக்கிப் பிடித்தாள். அப்படியே இருந்தாள். என் பக்கம் சிவப்புக் கோரைக் கட்டும் இருந்தது, கறுப்புக் கட்டும் இருந்தது. சிவப்பென்றால் சாதாரணக் கரை. எதை எடுப்பது என்பது என் விருப்பம்.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

கறுப்பில் ஒன்றை எடுத்துக் குச்சி முனையில் மாட்டினேன். நூல்களுக்கு நடுவே மெதுவாகச் செலுத்தினேன். அந்த ஓரம் போய்ச் சேர்ந்தது. நுனியை மடித்தேன். இழுக்கவில்லை. சபூரா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"ரைட்."

அடித்தாள். அடுப்பங்கரையில் பாத்திரம் உருளும் சத்தம் மறுபடி கேட்டது.

பிப்ரவரி 8, சனி

புளியங்குடிக்குச் செய்தி சொல்லியாயிற்று. பாயை அறுத்து எடுத்து, சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து வைத்தோம். லாத்தா அந்த அறைக்குள் வருவதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நிக்காஹ். பள்ளிவாசலில் முப்பது பேர். ஹஜ்ரத் சம்மதம் கேட்டார், சொன்னேன். மாப்பிள்ளை சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தன. நெய்ச்சோறு நன்றாக இருந்தது. உதுமான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். வண்டி கிளம்பும்போது லாத்தா ஜன்னல் வழியாக என் தலையைத் தொட்டாள். பாய் டிக்கியில் இருந்தது. கதவைத் தட்டி நான்தான் வண்டியை அனுப்பினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பஜ்ரு முடிந்து பின்சுவர் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று நினைவில்லை. திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

மத்தியானம் லாத்தா போன் செய்தாள். வீடு, மருமகள், மண்டி எல்லாம் சொன்னாள். மசூது மச்சான் காலையில் தேயிலை போடுகிறாராம். இஞ்சி தட்டத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம். பழைய பாயும் புதுப் பாயும் ஒரே பரணில் இருக்கின்றனவாம். புதுப் பாயை விரித்தீர்களா என்று சபூரா கேட்கச் சொன்னாள், கேட்டேன்.

"விரிச்சேன். உன் பக்கத்து ஓரத்த விரல் வச்சுத் தடவிக்கிட்டே வந்தேன். எடுத்த எடுப்புல ரொம்ப இழுத்திருக்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடுத்திருக்க. பேரு வாரப்போ நேரா இருக்கு."

அது கோரையில் ஈரம் அதிகம் இருந்ததால் வந்தது என்றேன்.

"ஆமா," என்றாள் லாத்தா. "ஈரந்தான்."

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் நானே இஞ்சித் தேயிலை போட்டேன். சபூரா காரம் என்றாள். குடித்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்தால் தறியில் புதுப் பாவு. வியாபாரிக்கு இரண்டு பாய் வேண்டுமாம். சபூரா அச்சருகே உட்கார்ந்து நூலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கோரைக் கட்டு என் பக்கத்தில் நனைந்து தயாராக இருந்தது.

போய் உட்கார்ந்தேன். குதிகாலைப் பள்ளத்தில் வைத்தேன். விளிம்பில் கொஞ்சம் மண் உதிர்ந்து இடம் கொடுத்தது.

வேறு விசேஷம் இல்லை.